கல்லூரி மாணவிகள் மைதானத்துக்கு ஏன் வருவதில்லை, வருபவர்களை வரவழைப்பது எது?

பெண்கள் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த உங்களிடம் விளையாட்டுக் குழுவின் பொறுப்பையும் ஒப்படைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் மாலையில் மைதானத்தில் நிற்பது முப்பது பேர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு ஆர்வமே கிடையாதா, எது அவர்களைத் தடுக்கிறது, எதைச் செய்தால் வருவார்கள், பேசாமல் கட்டாயமாக்கிவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள். இவற்றில் இரண்டு வெவ்வேறு மாணவிகள் கலந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளியில் மாவட்ட, மாநில அளவில் ஆடிவிட்டு வந்து, கல்லூரியில் பாதியில் நிறுத்திவிடுகிறவள் ஒருத்தி. பத்தாம் வகுப்பிலிருந்தே பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிட்டு, பந்தைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாமல் கல்லூரிக்குள் நுழைந்தவள் இன்னொருத்தி. முதலாமவளை ஊக்குவிப்பவை பெரும்பாலும் இரண்டாமவளை எட்டுவதே இல்லை. உங்கள் கவலை முக்கியமாக இரண்டாமவளைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்; முதலாமவளுக்குப் பின்னால் வருகிறேன்.

நான் பெண்கள் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் அனுபவம் பெரும்பாலும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரிகளைச் சேர்ந்தது. இருபாலரும் படிக்கும் பொறியியல் கல்லூரிகளைப் போட்டிகளுக்குப் போய்வந்த அளவில்தான் அறிவேன். ஆகவே இங்கே சொல்பவற்றை உங்கள் கல்லூரியின் நிலைமையோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதலில், ஆர்வமின்மையை முதற்காரணமாகக் கொள்ள வேண்டாம். விளையாடாத மாணவியிடம் ஒரு படிவத்தைக் கொடுத்துக் காரணம் கேட்டால், அவள் ‘ஆர்வமில்லை’ அல்லது ‘நேரமில்லை’ என்று குறித்துவிட்டுப் போவாள். அதே மாணவியோடு மரத்தடியில் உட்கார்ந்து பேசினால் பேருந்து, வீட்டு வேலை, உடை, கேலி, மாதவிடாய் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்தத் துறையில் நடந்துள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட படிவங்களை நம்பியவைதான். ஆய்வு மாணவர் தமக்கு எட்டிய சில கல்லூரிகளில் ஒருமுறை கேட்டுத் தொகுப்பார். விளையாட்டை விட்டுவிட்டுப் போனவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். ஆனாலும் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற சில பதில்கள் உண்டு. தடைகள் என்று பார்த்தால் நேரமின்மை, வசதியான பாதுகாப்பான இடமின்மை, குடும்பத்தின் ஆதரவின்மை, தன் உடலைப் பற்றிய கூச்சம், தனக்கு ஆடத் தெரியாது என்ற எண்ணம் ஆகியவை. ஈர்ப்பவை என்று பார்த்தால் தோழிகள், ஆடுவதில் கிடைக்கும் மகிழ்ச்சி, உடல்நலம், அக்கறையுள்ள ஓர் ஆசிரியர். எது முதலிடம், எது இரண்டாமிடம் என்ற வரிசை ஊருக்கு ஊர் மாறுவதால், அந்த வரிசையை வைத்து வாதாடுவதில் பயனில்லை. ஆண் பெண் இடைவெளி இருப்பதில் மட்டும் ஐயமில்லை. 2024-இல் வெளியான உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் போதிய உடலுழைப்போ உடற்பயிற்சியோ இல்லாத பெரியவர்கள் பெண்களில் 57 விழுக்காடு, ஆண்களில் 42 விழுக்காடு.

தடைகளில் நான் மிக உறுதியாகச் சொல்லக்கூடியது நேரத்தைப் பற்றியது. அதுவும் பொதுவான நேரமின்மை அல்ல, வகுப்பு முடிந்த பிறகு வரும் அந்த ஒன்றரை மணி நேரம். அரசு உதவி பெறும் கல்லூரிகள் பல இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. காலை ஷிப்ட் மாணவி ஆறரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பாள், பெரும்பாலும் ஒரு டம்ளர் டீயோடு. அவளுக்கு வகுப்பு முடியும் ஒரு மணிக்கு வெயில் உச்சந்தலையில் நிற்கும். மார்ச் மாதத்து மதுரையிலோ திருச்சியிலோ அந்த நேரத்தில் மைதானத்தில் ஓடச் சொன்னால் அது தண்டனைதான். மாலை ஷிப்ட் மாணவி வெளியே வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். மைதானத்தில் விளக்கு இருக்காது. ஒரே ஷிப்டாக நடக்கும் கல்லூரிகளில் சிக்கல் வேறு மாதிரி வரும். மூன்றே முக்கால் மணிக்கு வகுப்பு முடியும், நாலு மணிக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். எறிபந்து வலை கட்டியிருக்கும் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு, தோள்பையை முன்பக்கம் மாட்டியபடி பேருந்துப் படியில் ஏறிப் போகும் பிள்ளைகளை நான் எத்தனையோ ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், வாரத்தில் மூன்று நாள் ஐந்தரை மணிக்கு இன்னொரு நடை பேருந்து விட நிர்வாகம் சம்மதித்தது. வேறு எதையும் மாற்றவில்லை. புதிய பந்துகூட வாங்கவில்லை. அந்த ஆண்டில் மைதானத்துக்கு வருபவர்களின் தொகை கண்கூடாகக் கூடியது. ஒரு கல்லூரியில் நடந்ததை வைத்து விதி வகுக்கக் கூடாது என்பதை அறிவேன். ஆனால் உங்கள் மாணவிகளில் எத்தனை பேர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள், அவர்களுடைய ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்ற பட்டியலை எடுக்காமல் வேறு எந்த முயற்சியையும் தொடங்க வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அது எனக்குப் பாடமாக இருந்தது. 2021 முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவிதான். அது காசுச் சுமையைக் குறைத்தது; ஆறு மணிக்கு மேல் பேருந்தே இல்லாத ஊர்களுக்கு அதனால் தீர்வு கிடைத்துவிடாது.

நேரத்தோடு சேர்ந்தது வீட்டு வேலை. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. அது எல்லா வயதினருக்குமான சராசரி; கல்லூரி மாணவிகளுக்கு மட்டுமான கணக்கு அல்ல. ஆனாலும் ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும் தெருவில் குடம் பிடிக்க வேண்டியவள் மகள்தான், தம்பியை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டியவளும் அவள்தான் என்பதை அறிய ஒரு வாரம் மாணவிகளோடு பேசினால் போதும். விடுதி மாணவிக்கு இந்தச் சுமை இல்லை. அதனால்தான் பெரும்பாலான கல்லூரி அணிகளில் விடுதிப் பிள்ளைகள் அதிகமாக இருக்கிறார்கள். ஆனால் விடுதிக்கும் ஒரு பூட்டு உண்டு. ஆறு மணிக்குள் உள்ளே வர வேண்டும், ஆறரைக்கு வருகைப் பதிவு, தாமதமானால் வீட்டுக்குத் தொலைபேசி. விடுதிக் காப்பாளரும் உடற்கல்வித் துறையும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத கல்லூரியில் ஒரு மாணவி இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியே ஓய்ந்துபோவாள்.

குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெற்றோரைப் பழமைவாதிகள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். என் அனுபவத்தில் பெற்றோரின் மறுப்பு பெரும்பாலும் விளையாட்டின் மேல் உள்ள மறுப்பு அல்ல. யாரோடு போகிறாள், எங்கே தங்குவாள், இரவு எத்தனை மணிக்குத் திரும்புவாள், வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்காதபோதுதான் ‘வேண்டாம்’ என்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய மதுரை ரேவதி வீரமணியின் கதை பலருக்கும் தெரியும். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். பயிற்சியாளர் கண்ணன் அவருடைய ஓட்டத்தைக் கண்டு பயிற்சிக்கு அழைத்தபோது பாட்டி முதலில் மறுத்துவிட்டார். பயிற்சியாளர் பேசிப் பேசிச் சம்மதம் பெற்றார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழிசெய்தார். காலணி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒலிம்பிக் வரை போனார். இதில் திறமைக்கு அடுத்தபடியாக என் கண்ணுக்குத் தெரிவது, பாட்டியின் கேள்விகளுக்கு ஒருவர் பொறுப்பாகப் பதில் சொன்னார் என்பதும், தங்க ஓர் இடம் இருந்தது என்பதும்தான். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி மாணவியை அனுப்புவதற்குப் பதிலாக, நீங்களே அவளுடைய அம்மாவோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். அப்பாவிடம் பேசுவதைவிட அம்மாவிடமோ பாட்டியிடமோ பேசுவது அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு. இதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை.

வேறு வகை அச்சங்களும் உண்டு. வெயிலில் நின்றால் கறுத்துப்போவாள், கைகால் முறிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள், ஓடினால் குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும், உடம்பு முறுக்கேறி ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுவாள் என்பவை இன்றும் கேட்பவைதாம். கர்ப்பப்பை பற்றிய பயத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ஆனால் அதை நம் ஊர்ப் பாட்டிகளின் அறியாமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபின், அது பெண்ணுடலுக்குத் தாங்காது என்று சொல்லி 1960 வரை அந்த ஓட்டத்தையே நீக்கி வைத்திருந்தார்கள். பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984-இல்தான். ‘ஆண்பிள்ளை மாதிரி’ என்ற பேச்சு இவை எல்லாவற்றையும்விட ஆழமாகக் காயப்படுத்துவது. 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்திரராஜனின் பதக்கம் பாலினச் சோதனையின் பெயரால் பறிக்கப்பட்டபோது, அவருக்கு இழைக்கப்பட்ட அந்த அவமானம் தொலைக்காட்சி வழியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, தோள் விரிந்து வளரும் ஒரு கல்லூரி மாணவியைச் சக மாணவிகளே அந்தப் பேச்சால் சீண்டுவதுண்டு. அதைக் காதில் வாங்காததுபோல் ஆசிரியர் நகர்ந்துவிடக் கூடாது. அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

இனி மைதானத்துக்கே வருவோம். கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பந்தும் வலையும் எல்லாக் கல்லூரியிலும் ஓரளவு இருக்கின்றன, அவை பூட்டிய அறையில் இருப்பதும் சாவி ஒருவரிடம் மட்டும் இருப்பதும்தான் குறை. கழிப்பறை அப்படியல்ல. மைதானத்துக்குப் பக்கத்தில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, உடை மாற்ற ஒரு மறைவான அறை, நாப்கினைப் போட ஒரு மூடிய தொட்டி ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் ஒரு மாணவி தண்ணீர் குடிக்காமலே ஆடுவாள், அல்லது மாதத்தில் ஒரு வாரம் வராமல் இருப்பாள். ஒரு வாரம் இரண்டு வாரமாகிப் பிறகு நின்றேவிடுவாள். அடுத்தது உடை. சுடிதார் ஷாலைக் குறுக்காக இழுத்து இடுப்பில் முடிந்து, தோளில் ஊக்கு குத்தி, செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு எறிபந்து ஆடும் பெண்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். பந்தை எடுக்கக் குனியும்போதெல்லாம் ஒரு கை தானாக ஷாலுக்குப் போகும். அந்த ஒரு கையை விடுவித்தாலே ஆட்டம் மாறிவிடும். நீளக்கை டீ-ஷர்ட்டும் தளர்ந்த டிராக் பேண்டும் போதும். இதுதான் போட வேண்டும் என்று ஒரே உடையைத் திணிக்காமல், அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது நல்லது. தலையை மறைத்து ஆட விரும்பும் மாணவிகளைச் சில இடங்களில் விதியைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு 2014-லும் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017-லும் தலைமறைப்பை அனுமதித்துவிட்டன என்பதை அங்கே எடுத்துச் சொல்லுங்கள். ஓடும்போது மார்பு வலிக்கிறது என்று எந்த மாணவியும் ஆண் பயிற்சியாளரிடம் சொல்ல மாட்டாள். சரியான ஸ்போர்ட்ஸ் பிரா என்று ஒன்று இருப்பதே முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. நாலு பெண்கள் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினால் தீரக்கூடிய விஷயம் இது. சுற்றுச்சுவர் ஓரம் நின்று வேடிக்கை பார்ப்பவர்களும், கைபேசியில் படம் எடுப்பவர்களும் இன்னொரு தடை. அதற்குக் காவலாளியின் ஒரு சுற்றே போதும். மாணவிகளை உள்ளே அடைத்து வைப்பது தீர்வாகாது.

மாதவிடாயைப் பற்றிச் சான்றும் ஐயமும் கலந்தே இருக்கின்றன. அந்த நாட்களில் உடற்பயிற்சி செய்வது தீங்கானது அல்ல என்பது உறுதி. மிதமான பயிற்சியால் பலருக்கு வலி குறைவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆட்டத்திறன் குறைகிறதா என்றால், சராசரியில் மிகச் சிறிய மாற்றமே தெரிகிறது; ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம்; ஆய்வுகளின் தரமும் சீராக இல்லை. ஆகவே ‘எல்லாரும் ஆடலாம்’ என்று அறிவிப்பதும் ‘அந்த மூன்று நாள் யாரும் வர வேண்டாம்’ என்று விதிப்பதும் சரியல்ல. காரணம் கேட்காமல் உட்கார அனுமதிப்பதும், ஆட விரும்பினால் தடுக்காமல் இருப்பதும் போதும். ரத்தசோகையைப் பற்றி மட்டும் ஐயமே இல்லாமல் சொல்லலாம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டு சுற்று ஓடியதும் மூச்சு வாங்கி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டு, ‘எனக்கு ஸ்டாமினா இல்லை மேடம், எனக்கு விளையாட்டு வராது’ என்று சொல்லும் மாணவியின் ஹீமோகுளோபின் ஒன்பதாக இருக்கக்கூடும். இருக்க வேண்டியது குறைந்தது பன்னிரண்டு. தன் உடம்பே இப்படித்தான் என்று அவள் வாழ்நாள் முழுக்க நம்பிவிடுகிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே முதலாண்டு மாணவிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்படுபவர்களுக்கு மருத்துவர் சொல்கிறபடி இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கச் செய்வது எந்தப் பயிற்சி முகாமையும்விடப் பெரிய ஊக்கம் என்பது என் திடமான கருத்து.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மாணவிகள் வராத கல்லூரிகள் உண்டு. அங்கேதான் நான் மிகவும் வருந்துகிற ஒரு காரணம் இருக்கிறது: பெரும்பாலான கல்லூரிகளில் விளையாட்டு என்றால் அணி மட்டும்தான். ஜூன், ஜூலையில் முதலாண்டு சேர்க்கை முடிந்ததும் அணித் தேர்வு என்று ஓர் அறிவிப்பு ஒட்டப்படும். அறுபது பேர் வருவார்கள். பன்னிரண்டு பேர் தேர்வாவார்கள். மற்ற நாற்பத்தெட்டுப் பேர் அன்றோடு மைதானத்தை மறந்துவிடுவார்கள், மூன்று ஆண்டுகளுக்கும். விளையாட வேண்டும் என்று தாமாக நடந்து வந்த பிள்ளைகளை நாமே திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு ஆர்வமில்லை என்கிறோம். சமைக்கத் தெரியாதவள் அடுப்படிக்கே வரக்கூடாது என்று சொன்னால் அவள் எப்போது சமைக்கக் கற்றுக்கொள்வாள்? தொடக்கநிலை மாணவிகளுக்கென்று தனி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அணி வீராங்கனைகள் பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது. உதவிக்கு வந்தால் மட்டும் வரலாம். முதல் வாரத்தில் பந்தைத் தவறவிடும் பெண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு எழுந்தால் போதும், மறுநாள் அவள் வர மாட்டாள். அவளோடு வந்த தோழியும் வர மாட்டாள். வளையப்பந்து, எறிபந்து, பூப்பந்து போன்றவை இதற்கு நல்ல தொடக்கம். கொஞ்ச நேரத்திலேயே பந்து வலையைத் தாண்டிப் போய்வரத் தொடங்கும்; ஒருவரையொருவர் இடித்துக்கொள்ள வேண்டியதில்லை. நடையும் மெல்லோட்டமும் யோகாவும் நடனமும்கூட இந்தக் கணக்கில் வர வேண்டியவைதாம். மாணவிகள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, ஜோடியாகவோ மூவராகவோ வருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒருத்தியின் பெயரை மட்டும் பட்டியலில் எழுதி மற்றவளை விட்டுவிட்டால் இருவரையும் இழந்துவிடுவீர்கள். துறைகளுக்கிடையிலான போட்டிகள் இந்த வகையில் அருமையானவை. தமிழ்த்துறையும் வணிகவியல் துறையும் மோதும் நாளில், ஒருநாளும் மைதானம் பக்கம் வராத பிள்ளைகள் தம் வகுப்புக்காக இறங்கி ஆடுவார்கள்.

மைதானத்தில் நிற்கும் பெரியவர் யார் என்பது இவை அனைத்தையும் தீர்மானிக்கிறது. பெண் பயிற்சியாளர் இருந்தால் மாணவிகளும் பெற்றோரும் நிம்மதி அடைகிறார்கள் என்று கருத்தாய்வுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நானும் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பெண்ணாக இருந்தாலே போதும் என்பது உண்மையல்ல. கடுஞ்சொல் பேசும் பெண் பயிற்சியாளரால் ஓடிப்போனவர்களையும், பொறுமையான ஆண் பயிற்சியாளரிடம் நான்கு ஆண்டு ஆடியவர்களையும் அறிவேன். பாதுகாப்பில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. 2023 தொடக்கத்தில் நாட்டின் முன்னணி மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் புகார்களோடு டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த பெற்றோருக்கு, நம் கல்லூரியில் புகார் எங்கே கொடுப்பது என்பதைச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் முதல்வர் அறையில் மட்டுமல்லாமல் விளையாட்டு அறையின் கதவிலும் இருக்கட்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது ஒரு பெண் ஆசிரியர் கட்டாயம் உடன்செல்லட்டும்.

இப்போது முதலாமவளிடம், பயிற்சி பெற்ற வீராங்கனையிடம் வருகிறேன். அவளுக்கான ஊக்கங்கள் தெளிவானவை, உண்மையானவை: விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், கட்டணச் சலுகை, சில கல்லூரிகளில் இலவச விடுதியும் உணவும், பல்கலைக்கழக அணி, 2020-இல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள், முதலமைச்சர் கோப்பை, கடைசியில் காவல்துறை, ரயில்வே வேலை, தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு. ஏழைக் குடும்பங்களில் மகளை விளையாட அனுமதிக்க இந்த வேலை நம்பிக்கை ஒன்றே பெருங்காரணம் என்பதை மறுக்க முடியாது. அப்படியிருந்தும் அவள் ஏன் நிறுத்துகிறாள்? என் பார்வையில் மூன்று இடங்களில் அறுந்துபோகிறது. முதலாவது ஓ.டி. (ஆன் டியூட்டி), அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கொள்ளும் வருகைப் பதிவு. போட்டிக்குப் போன நாட்களுக்குக் கல்லூரி கொடுக்கும் ஓ.டி.யைத் துறை ஆசிரியர் மதிக்காமல் இன்டர்னல் மார்க்கில் கைவைத்தால், இரண்டாம் ஆண்டில் இரண்டு அரியர் விழுந்ததும் வீட்டில் பந்தை வாங்கி வைத்துவிடுவார்கள். தவறிய தேர்வை மறுபடி நடத்தச் சொல்லிக் கல்லூரி முதல்வர் ஓர் ஆணை போட்டால் இது தீர்ந்துவிடும். இரண்டாவது முழங்கால். கபடி, கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழிவது, அதே ஆட்டம் ஆடும் ஆண்களைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ அதிகம். ஆட்டத்துக்கு முன் முறையாகச் செய்யும் பதினைந்து இருபது நிமிடத் தசைப்பயிற்சி இதைக் கணிசமாகக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அதைச் செய்யவைக்க ஆளில்லாமல் ஆண்டுதோறும் சில பெண்களின் ஆட்டம் பத்தொன்பது வயதில் முடிந்துபோகிறது. அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லாத குடும்பத்தில் அது முடிந்தது முடிந்ததுதான். மூன்றாவது திருமணப் பேச்சு. அதற்கு என்னிடம் எளிய தீர்வு இல்லை.

வெற்றி பெற்றவர்களை அழைத்துவந்து பேசவைத்தால் மாணவிகள் விளையாட வருவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்தில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசனையும், 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவையும் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. பெற்றோரின் மனத்தை இளக்க இவர்களின் கதைகள் உதவும் என்று நம்புகிறேன். ஆனால் பெரிய வெற்றிகளும் பெரிய போட்டிகளும் சாதாரண மக்களை விளையாட வைக்கின்றன என்ற எண்ணத்துக்கு உலக அளவில் கிடைத்துள்ள சான்று பலவீனமானது. ஒலிம்பிக் நடத்திய நகரங்களில்கூட அப்படி நீடித்த மாற்றம் தெளிவாகத் தென்படவில்லை. இறுதியாண்டு படிக்கும், பக்கத்து ஊரிலிருந்து அதே பேருந்தில் வரும் அக்கா ஒருத்தி ‘வா, நானும் வருகிறேன்’ என்று சொல்வது இதைவிட வலுவானது என்பது என் அனுபவம்.

கடைசியாகக் கட்டாயமாக்குவது. நம் கலை அறிவியல் கல்லூரிகளில் ஐந்தாம் பகுதி என்ற பெயரில் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு ஆகியவற்றில் ஒன்றுக்கு ஒரு கிரெடிட் ஏற்கெனவே இருக்கிறது. அதில் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கட்டாயம் ஆட்களை மைதானம் வரை கொண்டுவரும் என்பது உறுதி. கட்டாயம் நீங்கிய பிறகும் அவர்கள் தொடர்ந்து ஆடுவார்களா என்பது ஐயத்துக்குரியது. கட்டாயமாக்கியே ஆக வேண்டும் என்று உங்கள் நிர்வாகம் முடிவெடுத்தால், முதலாண்டுக்கு மட்டும், கால அட்டவணைக்குள், வெயில் தாழ்ந்த அல்லது காலை நேரத்தில் வாரம் இரண்டு பீரியட் கேளுங்கள். எந்த ஆட்டம் என்பதை மாணவி தேர்ந்தெடுக்கட்டும். திறமைக்கு மதிப்பெண் போட வேண்டாம், வருகைக்கும் முயற்சிக்கும் மட்டும் போடுங்கள். அவர்கள் இரண்டாம் ஆண்டுக்குப் போனபின், யாரும் கேட்காமலே மைதானத்துக்கு வருகிறவர்களின் பெயர்களைத் தனி ஏட்டில் எழுதி வையுங்கள். வராமல் போனவர்களில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, படிவம் கொடுக்காமல், நேரில் உட்கார்ந்து காரணம் கேளுங்கள். உங்கள் கல்லூரியில் அடுத்து எதை மாற்ற வேண்டும் என்பதை என்னைவிட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.